நிழல் பங்குதாரர் எழுதும் திறந்த மடல்

கோல்ஃப் நாள் நடத்திய எம்பிஏ மாணவர் குழுத் தம்பி தங்கைகளுக்கும், அன்று வந்திருந்த ஸ்பான்சர் முதலாளிகளுக்கும்,

வணக்கம். போன பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடலூர் தேவனாம்பட்டினத்துக்கு வடக்கே, மல்லாட்டை பிடுங்கி முடித்த கொல்லையில் நீங்கள் நடத்திய கோல்ஃப் நாளுக்குச் சாமியானா, சேர், டேபிள், ஃபேன், ஜெனரேட்டர் எல்லாம் போட்டவன் நான். உங்கள் ஃப்ளெக்ஸில் பிளாட்டினம் ஸ்பான்சர், கோல்டு ஸ்பான்சர், சில்வர் ஸ்பான்சர் என்று வரிசையாகப் போட்டுவிட்டுக் கடைசியில் என் கடைப் பெயருக்குக் கீழே 'ஷேட் பார்ட்னர்' என்று போட்டிருந்தீர்கள். வாடகையில் பாதியை விட்டுக்கொடுத்ததற்கு நீங்கள் செய்த மரியாதை. தமிழில் சொன்னால் நிழல் பங்குதாரர். எங்கள் தெருக்காரர் ஒருவர் இதைப் படித்துவிட்டு, "யாருக்குப்பா பினாமியா இருக்கே?" என்று கேட்டார். பரவாயில்லை. பங்குதாரர் என்று எழுதிக் கொடுத்துவிட்டீர்கள், அந்த உரிமையில் நாலு வார்த்தை பேசுகிறேன்.

இது புகார்க் கடிதம் இல்லை. முப்பது வருஷமாகக் கல்யாணம், காதுகுத்து, கருமாதி, கட்சிக் கூட்டம் என்று எல்லாவற்றுக்கும் பந்தல் போட்டிருக்கிறேன். வேலை நேரத்தில் அன்று சிரித்ததுபோல் சிரித்ததில்லை. "முதல் குழியில் டீ வையுங்க" என்று உங்களில் ஒருவர் சொல்ல, என் பையன் கேனோடு போய்க் கண்ணாடி தம்ளர்களை அடுக்கி வைத்தான். பந்தை நிறுத்தும் குச்சிக்கும் டீ என்றுதான் பெயர் என்பது அவனுக்கு எப்படித் தெரியும்? அப்புறம் அந்த 'ஃபோர்!' பந்து ஆள் இருக்கும் பக்கம் திரும்பினால் எச்சரிக்கையாக அப்படிக் கத்த வேண்டுமாம். கிரிக்கெட் பார்த்து வளர்ந்த ஊர் இது. ஒரு தம்பி அலறியதும் என் ஆட்கள் ஐந்து பேரும் பவுண்டரி என்று நினைத்து எழுந்து நின்று கை தட்டினார்கள். பந்து ஜெனரேட்டர் தகரத்தில் 'டங்' என்று மோதிய பிறகுதான் குனிந்தார்கள். அடுத்த முறை ஆட்டம் தொடங்குமுன் மைக்கில் தமிழில் ஒரு அறிவிப்புக் கொடுங்கள். "ஃபோர் என்றால் தலையைப் பிடித்துக்கொண்டு குனி" என்றால் போதும். அந்தப் பந்து 45.93 கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதி. நாட்டுக்கோழி முட்டை எடைதான், ஆனால் பட்டால் மண்டை வீங்கிவிடும்.

நான் மிகவும் ரசித்தது நாய் சமாச்சாரம். மூன்றாம் குழிக்குப் பக்கத்தில் நின்ற பந்தைச் செவலை நாய் ஒன்று வாயில் கவ்விக்கொண்டு சவுக்குத் தோப்புக்குள் போய்விட்டது. ஆட்டம் நின்றது. குறைந்த அடியில் முடிப்பவருக்கே வெற்றி என்கிற ஆட்டம் இது. பந்து தொலைந்ததற்கு ஓர் அடி தண்டனை என்றார் ஒருவர். நாய் எங்கே போட்டதோ அங்கிருந்து ஆட வேண்டும் என்றார் இன்னொருவர், தோப்பு இருந்த திசை குழிக்கு நெருக்கம் என்பதால். கணக்கு எழுதிக்கொண்டிருந்த பெண் போனில் விதியைப் பார்த்து வாசித்தாள்: ஆட்டத்தில் சம்பந்தமில்லாத யாரோ எதுவோ பந்தை எடுத்தால், தண்டனை கிடையாது, பழைய இடத்தில் வேறு பந்தை வைத்து ஆடலாம். நாய்க்கும் சேர்த்து ஒரு விதி எழுதி வைத்திருக்கிறார்கள் என்றதும் எனக்கு இந்த ஆட்டத்தின் மேல் மரியாதை வந்துவிட்டது. ராத்திரி வீட்டுக்குப் போய்ப் படிக்க உட்கார்ந்தது அதனால்தான்.

படித்ததில் ஒன்று. நம் நாட்டில் இந்த ஆட்டம் புதுசு இல்லை, கல்கத்தாவில் 1829லேயே கிளப் தொடங்கிவிட்டார்கள். குழியின் அகலம் நாலேகால் அங்குலம் என்று 1891இல் விதியாக்கியிருக்கிறார்கள். மில்லிமீட்டரில் 108. நீங்கள் ஒன்பது குழிக்கும் பைப் வேண்டும் என்று கேட்டபோது, எங்கள் பிளம்பர் கழிவுநீருக்குப் போடும் 110 எம்எம் பிவிசி பைப்பைத்தான் துண்டு துண்டாக அறுத்துக் கொடுத்தார். ஸ்காட்லாந்துக்காரன் வைத்த அளவும் கடலூர் செப்டிக் டேங்க் அளவும் ஏறக்குறைய ஒன்றாக வந்து நின்றதில் அவருக்கு ஏகப் பெருமை. குழியைச் சுற்றிப் புல்லுக்குப் பதிலாக மணலில் தண்ணீர் தெளித்து ரோலர் உருட்டி இறுக்கிவிட்டீர்களே, அதையும் யாராவது குறையாகச் சொன்னால் காதில் வாங்காதீர்கள். புல் வளராத ஊர்களில் மணலோடு எண்ணெய் கலந்து இறுக்கி, 'கிரீன்' என்பதற்குப் பதில் 'பிரவுன்' என்று பெயர் வைத்து ஆடியிருக்கிறார்கள். பதினெட்டுக் குழி மைதானம் என்றால் நூறு ஏக்கருக்கு மேல் பிடிக்கும், அத்தனைக்கும் தண்ணீர் விட வேண்டும். கடலோரத்தில் போர் தண்ணீர் உப்புக் கரிக்கிற ஊரில் அதெல்லாம் வேண்டாத வேலை. அறுப்பு முடிந்த கொல்லை ஒரு நாளைக்குப் போதும்.

இனி அந்த 'லாங்கஸ்ட் டிரைவ்' போட்டிக்கு வருகிறேன். யார் அதிக தூரம் அடிக்கிறார்கள் என்று பார்த்தீர்கள், கோப்பையும் கொடுத்தீர்கள். நடந்த இடத்தின் கதை உங்களில் ஒருவருக்குமா தெரியாது? கெடிலம் கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இடிந்து கிடக்கிறதே செயின்ட் டேவிட் கோட்டை, அதை 1690இல் கிழக்கிந்தியக் கம்பெனி செஞ்சியிலிருந்த மராட்டியரிடம் விலைக்கு வாங்கியது. கோட்டையோடு எவ்வளவு நிலம் சேரும்? பத்திரத்தில் ஏக்கர் கணக்குப் போடவில்லை. கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவு என்று பேச்சு. கம்பெனிக்காரன் விடுவானா? சென்னையிலிருந்து நல்ல பித்தளைப் பீரங்கியாகப் பார்த்துக் கொண்டுவந்தான். எவ்வளவு மருந்து திணித்து எப்படிச் சுட்டால் லாபம் என்பது சுடுகிறவன் கைத்திறமை என்று சென்னைக் கோட்டையிலிருந்து கடிதமே வந்திருக்கிறது. அந்த வருஷம் செப்டம்பரில் சுற்றிலும் சுட்டார்கள். குண்டு விழுந்த எல்லைக்குள் இருந்த ஊரெல்லாம் கம்பெனிக்குச் சொந்தம். அந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர். குண்டு உப்பலவாடி இன்றைக்கும் இருக்கிறது.

கடலூரில் அடித்த லாங்கஸ்ட் டிரைவ் அதுதான். அதை முறியடிக்க உங்கள் யாராலும் ஆகாது.

இதில் உங்களுக்கென்றே ஒரு சங்கதி உண்டு. அப்போது சென்னைக் கோட்டையில் கவர்னராக இருந்தவர் எலிஹு யேல். பிற்பாடு, 1718இல், அமெரிக்காவில் ஒரு கல்லூரிக்கு அவர் அனுப்பிய நன்கொடைக்காக அதற்கு அவர் பெயரையே வைத்தார்கள். இன்றைக்கு யேல் பல்கலைக்கழகத்தில் உங்களைப் போன்றவர்கள் படிக்கிற மேலாண்மைப் பள்ளியும் இருக்கிறது. ஸ்பான்சர் பெயர் நிலைக்குமா நிலைக்காதா என்று சில்வர் ஸ்பான்சர் ஒருவர் என்னிடம் சலித்துக்கொண்டார். யேலுக்கு நிலைத்திருக்கிறது. ஆனால் பொருளை அளந்து வாங்கும்போது தராசை யார் கையில் வைத்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும், அன்றைக்குச் செஞ்சியில் அதை யாரும் பார்க்கவில்லை. இந்தக் கதையை ஒரு பலகையில் எழுதி அந்தப் போட்டி நடக்கும் இடத்தில் நட்டு வையுங்கள். பலகை என் செலவு.

அளவு என்றதும் கணக்கு ஞாபகத்துக்கு வருகிறது. சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தேன், சொல்லிவிடுகிறேன்.

இந்த ஆட்டத்தில் ஒவ்வொரு அடிக்கும் பக்கத்தில் நிற்க அம்பயர் கிடையாது. ஒருவர் கணக்கை இன்னொருவர் எழுதி, முடிவில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். எனக்கு இது உடனே பிடிபட்டது, எங்கள் தொழிலும் அப்படித்தான். சேர் போகும்போது பார்ட்டியோடு நின்று எண்ணுவோம், சீட்டில் எழுதி இருவரும் கையெழுத்து. திரும்பும்போதும் அப்படியே. இருநூறு போய் நூற்றுத் தொண்ணூற்றேழு வந்தால், அந்த மூன்றைப் பற்றி யாரும் கோபப்படாமல் பேச முடிகிறது என்றால் அந்தச் சீட்டால்தான். 1925இல் அமெரிக்க ஓப்பன் போட்டியில் பாபி ஜோன்ஸ் என்கிற ஆட்டக்காரர் அடிக்க நின்றபோது பந்து லேசாக அசைந்துவிட்டது. வேறு யாரும் பார்க்கவில்லை. அவரே சொல்லித் தனக்கு ஓர் அடி கூட்டிக்கொண்டார். கடைசியில் சம நிலையில் முடிந்து, மறு ஆட்டத்தில் தோற்றுப்போனார். அந்த ஓர் அடி இல்லையென்றால் கோப்பை அவருடையது.

உங்கள் ஐந்தாம் குழியில் கோல்டு ஸ்பான்சர் ஒருவரின் அணிக்கு எட்டு அடி ஆனது. நான் பந்தல் கயிறு இழுத்துக் கட்டிக்கொண்டே எண்ணினேன். எங்களுக்கு எண்ணுவது கைவந்த பழக்கம். "அஞ்சு போடு தம்பி" என்றார் அந்த ஸ்பான்சர். அவர் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்த தம்பி ஒரு நொடி அவர் முகத்தைப் பார்த்தான், அட்டையைப் பார்த்தான், அஞ்சு போட்டான். ஸ்பான்சர் யாரென்று எழுத மாட்டேன், எனக்கும் அவர் பழைய வாடிக்கையாளர். அவர் விளையாட்டாகத்தான் சொல்லியிருப்பார். அந்தத் தம்பிக்கு அது விளையாட்டு இல்லை, அவர் கம்பெனிக்குத்தான் பிளேஸ்மென்டுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறான். தப்பு அவன் மேலும் இல்லை. ஒரு கையில் அவர் பை, இன்னொரு கையில் பென்சில் என்று நீங்கள் அவனை நிறுத்தியிருந்தீர்கள். பை தூக்குகிறவன் கணக்குச் சரி பார்க்க முடியாது.

இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். நாலு நாலு பேராகப் பன்னிரண்டு அணி போட்டீர்கள். ஆறு அணி முழுக்க ஸ்பான்சர்கள், ஆறு அணி முழுக்க மாணவர்கள். முதலாளிகள் ஆடும்போது பிள்ளைகள் பை தூக்கினீர்கள், பிள்ளைகள் ஆடும்போது முதலாளிகள் பந்தலில் இளநீர் குடித்துக்கொண்டு தங்களுக்குள் பேசினார்கள். அவர்கள் வாரா வாரம் சங்கத்தில் பேசிக்கொள்கிற அதே பேச்சு. இதற்கு எதற்குக் கோல்ஃப்?

ஒரே ஒரு இடத்தில் தற்செயலாக அது மாறியது. ஆறாம் குழியில், துறைமுகத்தில் ஐஸ் கம்பெனி வைத்திருக்கிறவர் இருந்த அணியில் இரண்டு பேர் போன் வந்து கிளம்பிவிட்டார்கள். ஆள் குறையவே நாய் விதியை வாசித்த அந்தப் பெண்ணைச் சேர்த்துக்கொண்டார்கள், இன்னொரு ஆளுக்கு என்னிடம் சேர் இறக்குகிற பையனைப் பிடித்துப் போட்டார்கள். நீங்கள் வைத்திருந்தது 'ஸ்கிராம்பிள்' முறை. நாலு பேரும் அடிப்பது, யார் பந்து நல்ல இடத்தில் கிடக்கிறதோ அங்கிருந்து மறுபடி நாலு பேரும் அடிப்பது. ஆடத் தெரியாதவனும் அணிக்குப் பாரமாக மாட்டான், பத்தில் ஒரு அடி நன்றாக விழுந்தால் அது எல்லோருக்கும் ஆகும். அருமையான ஏற்பாடு. என் பையன் கில்லி ஆடி வளர்ந்தவன். மட்டையைப் பிடித்த பிடியைப் பார்த்து முதலில் சிரித்தார்கள். அவன் மூன்றாவதாக விளாசியது தோப்பு ஓரம் வரை போனது. அதற்கப்புறம் ஐஸ் கம்பெனிக்காரர் அவனை 'பார்ட்னர்' என்றுதான் கூப்பிட்டார்.

ஏழாம் குழியிலிருந்து எட்டாம் குழிக்கு நடக்கும்போது குடையோடு நானும் கூட நடந்தேன். அந்தப் பெண் கேட்டாள், "சார், தடைக்காலத்தில் என்ன பண்ணுவீங்க?" ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. அவர் நின்றுவிட்டார். படகுக்காரனுக்கு ஐஸ் பார் கடனில்தான் போகிறது, மீன் ஏலம் போன பிறகுதான் காசு வரும், தடைக்காலம் நெருங்க நெருங்க நின்ற பாக்கி கூடும், கம்பெனி ஓடாவிட்டாலும் கரண்டுக்குக் குறைந்தபட்சக் கட்டணம் கட்டியே ஆக வேண்டும், ஆட்களை அனுப்பிவிட்டால் ஜூனில் திரும்பி வர மாட்டார்கள், அதனால் பாதிச் சம்பளமாவது கொடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போனார். அவள் ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வி கேட்டாள். எந்தப் படகுக்கு எவ்வளவு கடன் என்று எதை வைத்து முடிவு பண்றீங்க? அவர் சொன்ன பதில்: "படகைப் பாக்க மாட்டேன்மா. கரைக்கு வந்ததும் மொதல்ல டீசல் கடனை அடைக்கிறானா, ஐஸ் கடனை அடைக்கிறானான்னு பாப்பேன்." பின்னால் வந்த அணி கத்தும்வரை இருவரும் நகரவில்லை. நானும் பி.காம்.தான், நடைமுறை மூலதனம் என்று பரீட்சைக்கு நாலு பக்கம் எழுதியிருக்கிறேன். அந்தக் குடைக்கடியில் கேட்டது அதில் ஒரு பக்கத்திலும் இல்லை. மதியம் மேடையில் முக்கால் மணி நேரம் திரை போட்டு ஒரு உரை நடந்ததே, அப்போது முன்வரிசையில் மூன்று பேர் தூங்கினார்கள். பின்வரிசையை நான் எண்ணவில்லை.

ஆகவே அடுத்த வருஷம் அணியைக் குலுக்கல் போட்டு எடுங்கள். இரண்டு மாணவர், ஒரு ஸ்பான்சர், ஒருவர் ஊர்க்காரர். ஊர்க்காரர் என்றால் யார் வேண்டுமானாலும். பிளம்பர் வரட்டும், கொல்லைக்குச் சொந்தக்காரர் வரட்டும், பாண்டியிலிருந்து ஒரு ஸ்பான்சரோடு வந்த அவருடைய அப்பா மாதிரி ஒருவர் வரட்டும். அந்தப் பெரியவர் பிரெஞ்சுப் பென்ஷன்காரர், பாண்டியில் சாயங்காலமானால் பெத்தாங்க் ஆடுகிறவர். முக்கால் கிலோ இரும்புக் குண்டை எட்டு மீட்டர் தள்ளிக் கிடக்கிற சின்ன மரக்குண்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துகிற கை. நீங்கள் அவரைப் பந்தலில் உட்கார வைத்துவிட்டீர்கள். ஆட்டம் முடிந்த பிறகு சும்மா, பந்தைக் குழிக்குள் தட்டி உருட்டுகிற மட்டையான புட்டரை எடுத்து, மணலை ஒரு முறை குனிந்து பார்த்துவிட்டு, மூன்று பந்தைத் தட்டினார். இரண்டு குழிக்குள். அவரை முதலிலேயே எந்த அணியில் போட்டிருந்தாலும் கோப்பை அந்த அணிக்குத்தான். பையை அவரவர் தூக்கட்டும், கணக்கை எதிர் அணி எழுதட்டும். முதலாளிகளே, இதற்கு நீங்கள் மறுப்புச் சொல்ல மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். இளநீர் குடிக்கப் பந்தல் எப்போதும் இருக்கும்.

மற்றதெல்லாம் சில்லறை விஷயம். நேரத்தை மாற்றுங்கள். ஒன்பதரை என்று போட்டு, சிறப்பு விருந்தினர் வந்து, குத்துவிளக்கு ஏற்றி, சால்வை போர்த்திப் பத்தேகால் ஆனது. பங்குனி வெயிலில் பத்தேகால்! பதினொன்றுக்கு மேல் கடற்காற்று எழும்பினால் பந்தும் நிற்காது, என் சாமியானாவும் நிற்காது, மணலில் அடித்த முளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டு வரும். ஆறு மணிக்குத் தொடங்குங்கள், சால்வையைக் கடைசியில் போர்த்துங்கள். பன்னிரண்டு அணியையும் முதல் குழியில் ரேஷன் கடை வரிசை மாதிரி நிறுத்தாதீர்கள். பெரிய இடங்களில் ஒவ்வொரு அணியையும் ஒவ்வொரு குழியில் நிறுத்தி, ஒரே சமயத்தில் எல்லோரையும் ஆரம்பிக்கச் சொல்வார்களாம், துப்பாக்கிச் சத்தம்தான் அடையாளமாம். நமக்குத் துப்பாக்கி எதற்கு, ஒரு அதிர்வேட்டு போட்டால் பாண்டி வரைக்கும் கேட்கும். கொல்லைக்காரரிடமும் போலீசிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அவ்வளவுதான்.

அப்புறம் அந்த ஸ்கூட்டர். ஒரே அடியில் குழிக்குள் போட்டால் ஸ்கூட்டர் என்று மாலை போட்டு நிறுத்தியிருந்தீர்கள். சாதாரண ஆட்டக்காரர் ஒருவர் அப்படிப் போடுவது ஏறத்தாழ 12,500 முயற்சியில் ஒன்று என்று கணக்குச் சொல்வார்கள். ஆனால் அது நிஜ மைதானத்துத் தூரத்துக்கு. உங்கள் குழி இருந்தது அறுபது தப்படி தூரத்தில், தரை சிமென்ட் மாதிரி இறுகிக் கிடந்தது. பந்து உருண்டு போகும்போதெல்லாம் ஸ்கூட்டர் கொடுத்த டீலர் முகத்தைப் பார்த்தீர்களா? ஒரு பந்து குழி விளிம்பைத் தொட்டுத் திரும்பியபோது அவர் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வெளியூரில் இந்த மாதிரிப் பரிசுக்கு இன்ஷூரன்ஸ் எடுப்பார்கள். குறைந்தபட்சத் தூரம் இவ்வளவு, சாட்சி இத்தனை பேர் என்று கம்பெனி நிபந்தனை போடும். நீங்கள் இன்ஷூரன்ஸும் பாடமாகப் படிக்கிறவர்கள், கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் பரிசைப் பண்ருட்டிப் பலாப்பழமாக மாற்றுங்கள். பங்குனிக்கு முன்பழம் வந்துவிடும், பந்து குழியில் விழுந்தாலும் யாருக்கும் நெஞ்சு வலிக்காது.

தேதியை மட்டும் சீக்கிரம் சொல்லிவிடுங்கள். பங்குனி உத்திரத்தை ஒட்டி எங்களிடம் ஒரு சேர்கூட மிஞ்சாது. அட்வான்ஸ் இந்த முறையும் பாதிதான்.

சாமியானாவைப் பிரித்து மடிக்கும்போது மடிப்பிலிருந்து நாலு கோல்ஃப் பந்து விழுந்தது. கடையில் மேசை டிராயரில் வைத்திருக்கிறேன், யாராவது வந்து வாங்கிக்கொள்ளுங்கள். வரும்போது உங்கள் சீட்டையும் கொண்டுவாருங்கள். 220 சேர் என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். வந்து சேர்ந்தது 217.

இப்படிக்கு,
உங்கள் நிழல் பங்குதாரர்,
கடலூர் முதுநகர்